செலாமாட் என்று சொன்னது யார்?

மூன்று பெண்டிரைவ்கள்

ஹனிபா பாய் எங்கள் கடைக்குள் வந்தபோது கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை இருந்தது. அவர் அந்த மாதிரிப் பையில் எப்போதும் தே தாரிக் என்ற பால் தேநீர் கட்டிக்கொண்டு வருவார். அன்று பைக்குள் மூன்று பெண்டிரைவ்கள் கிடந்தன. கவுண்டரில் கொட்டினார்.

"மூணும் ரோசாக், தங்கச்சி. பழசும் கெட்டுப்போச்சு, உங்க கடையில வாங்கின புதுசும் கெட்டுப்போச்சு. என்ன சாமான் விக்கிறீங்க நீங்க?"

நான் அந்தக் கடையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஈப்போவில் லேப்டாப், பிரிண்டர், கேமரா என்று எல்லாவற்றையும் பழுது பார்க்கும் கடை. முதலாளி சேகர் அண்ணன். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தத் தோட்டத்தைக் கம்பெனி விற்று வீடமைப்புத் திட்டம் ஆக்கிய பிறகு ஈப்போவுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் டிப்ளோமாவும் வாங்கினேன். என் பெயர் அட்டையில் 'தேவிகா, டெக்னீஷியன்' என்று போட்டிருக்கும். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கழற்ற மாட்டேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான்.

பாய் கோபமாக இருந்ததற்குக் காரணம் பெண்டிரைவ் இல்லை. அவருடைய சாப்பாட்டுக் கடை கோலா கங்சார் போகும் சாலையில், பழைய தோட்டத்து முனையில் இருக்கிறது. அங்கே ரொட்டி சானாய் போடுபவர் சரவணன். போன வாரம் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பியவரைக் கடை வாசலிலேயே ஒரு கார் மோதிவிட்டது. கால் முறிந்துவிட்டது. சரவணன்தான் பார்க்காமல் குறுக்கே பாய்ந்தார் என்று கார்க்காரர் போலீசில் சொல்லியிருந்தார். சரவணன் சொன்னது வேறு. சாட்சி யாரும் இல்லை, வாசலுக்கு மேலே இருந்த கேமராவைத் தவிர.

பாய் கடையில் உட்கார்ந்து அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சரவணன் மேல் தப்பே இல்லை என்று கண்ணால் கண்டிருக்கிறார். ஆனால் அதைக் கணினியிலிருந்து வெளியே கொண்டுபோகத்தான் முடியவில்லை. பெண்டிரைவில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் அங்கே ஓடவில்லை. போனில் திரையைப் படம் பிடித்துக் காட்டினால் கார் நம்பர் தெரியவில்லை. சார்ஜன் பொறுமையாகத்தான் சொன்னாராம், ஒரிஜினல் கொண்டு வாங்க, இன்று சாயங்காலம் ரிப்போர்ட்டை மேலே அனுப்ப வேண்டும் என்று. இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கேமரா சாப்ட்வேர் பழைய நாட்களின் பதிவைத் தானாகவே அழித்துக்கொண்டு வரும். அதை மாற்றுவதற்கான பாஸ்வேர்ட் கேமரா மாட்டியவரிடம் இருந்தது. அவர் போனை எடுக்கவில்லை. விபத்து நடந்த நாள்தான் பட்டியலில் இப்போது கடைசி. நாளைக்கு இருக்காது.

மூன்று பெண்டிரைவ்களையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். முதலாவதில் வீடியோவின் பெயர் இருந்தது, அளவு பூஜ்யம். இரண்டாவதில் அளவு இருந்தது, ஆனால் எந்தப் பிளேயரும் திறக்க மறுத்தது. மூன்றாவதைச் செருகியதும் 'பார்மேட் செய்யவா' என்று கணினி கேட்டது. இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சரக்கு மட்டமென்றால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் கெட்டிருக்கும். இங்கே ஒவ்வொன்றும் ஒரு தினுசு. முதலாவதில் எங்கள் கடையின் பெரிய பைல் ஒன்றை ஏற்றி, கழற்றி, வேறு கணினியில் திறந்தேன். ஒழுங்காக ஓடியது. பெண்டிரைவில் எந்தக் கோளாறும் இல்லை.

சேகர் அண்ணன் உள்ளேயிருந்து, வேறு பிராண்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பச் சொன்னார். பாய் பெண்டிரைவை எப்படி எடுக்கிறார் என்று அவரோடு அவர் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன்.

"பெண்டிரைவைப் பிடுங்குறதப் பார்க்க டிப்ளோமா படிச்ச ஆளு போகணுமா?"

"அவர் பிடுங்குறத இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல, அண்ணே. அதான் பார்க்கணும்."

சிரித்துவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பி வரச் சொன்னார்.

பாய் பிடுங்கிய விதம்

பாயின் வேனில் போய் இறங்கினோம். சரவணன் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில், மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையாம். ரொட்டிக் கல்லருகே நின்ற புது ஆளை அங்கிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார்.

கல்லாவில் பில் போடும் கணினியிலேயே கேமராவும் ஓடியது. வேலையாட்கள் படிக்க வசதியாக எல்லாம் மலாய் மொழியில் வைத்திருந்தார்கள். விபத்துப் பதிவைத் தொட வேண்டாம், நேற்றைய பதிவில் ஒரு துண்டை எடுத்துச் செய்து காட்டுங்கள் என்று பாயிடம் கேட்டுக்கொண்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செய்ததெல்லாம் சரியாகவே இருந்தது. நாளைத் தேர்ந்தெடுத்தார், நேரத்தைத் தேர்ந்தெடுத்தார், பெண்டிரைவைக் காட்டினார். பச்சைக் கோடு நிரம்பி அந்தச் சின்ன ஜன்னல் மூடிக்கொண்டது. அப்போதும் அவசரப்படவில்லை. மவுசை நகர்த்தித் திரையின் கீழ் மூலைக்குக் கொண்டுபோய், பெண்டிரைவ் படத்தின்மேல் நிறுத்தினார். அதன் தலைக்கு மேல் ஒரு சின்னப் பட்டை தோன்றியது. மலாய் எழுத்து. அதில் செலாமாட் என்ற சொல்.

"பாரு, செலாமாட் சொல்லிருச்சு," என்று பெண்டிரைவை உருவி என் கையில் வைத்தார்.

ஏன் பாய் அதைக் கிளிக் பண்ணவில்லை என்று கேட்டேன்.

"எதுக்கு? அதுவே செலாமாட் ஜாலான் சொல்லுதே. போய்ட்டு வான்னு சொல்ற ஆளைக் கூப்பிட்டு மறுபடி போகட்டுமான்னு கேப்பாங்களா?"

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தப்பு எவ்வளவு இயல்பானது என்று புரியும். செலாமாட் என்றால் 'பத்திரம்' என்றும் பொருள். வாழ்த்துச் சொல்லும் அதுதான். காலையில் செலாமாட் பாகி, புறப்படுகிறவருக்கு செலாமாட் ஜாலான். பத்திரமாக எடுப்பதற்கான வழி இது என்று அந்தப் பட்டை தன் வேலையின் பெயரைச் சொன்னது. பாய் அதை விடை கொடுப்பதாக எடுத்துக்கொண்டார். கிளினிக் என்று போர்டைப் படித்துவிட்டு, குணமாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பியது மாதிரி.

இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரித்தேன். எங்கள் சேகர் அண்ணன்தான். போனில். கீழ் மூலையில் செலாமாட் என்று வரும், அதற்கப்புறம் எடுங்கள் என்று சொன்னாராம். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த மூலையில் செலாமாட் இரண்டு முறை வரும். கிளிக் செய்வதற்கு முன்னால் வருவது வேலையின் பெயர். கிளிக் செய்த பின்னால், இப்போது எடுக்கலாம் என்று வருவதுதான் பதில். அண்ணன் இரண்டாவதை நினைத்துச் சொன்னார். பாய் முதலாவதைப் பார்த்தார்.

ஆர்டர் எடுத்தாச்சு, தே வரவில்லை

பாய் விடவில்லை. பச்சைக் கோடுதான் நிரம்பிவிட்டதே, ஜன்னலும் மூடிவிட்டதே, பிறகு என்ன மிச்சம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் படிக்கும் காலத்தில் இதே கேள்வியோடு அலைந்திருக்கிறேன்.

அவர் கடையையே காட்டினேன். மேசைக்கு வந்த பையன் 'தே சத்து', அதாவது ஒரு டீ, என்று பின்பக்கம் பார்த்துக் கத்திவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை ஆர்டர் முடிந்தது. தே இன்னும் ஊற்றப்படவே இல்லை. கணினியும் இப்படித்தான். பெண்டிரைவ் மெதுவானது. ஒவ்வொன்றையும் எழுதி முடிக்கும்வரை நம்மைக் காக்க வைத்தால் நாம் கோபப்படுவோம். ஆகவே அது சிலவற்றைத் தன் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிடும். பிறகுதான் எழுதும். நடுவில் பிடுங்கினால், எந்தக் கட்டத்தில் பிடுங்கினோமோ அந்தக் கட்டத்துக்கு ஏற்றபடி சேதம். பெயர் மட்டும் எழுதிய நேரமென்றால் அளவு பூஜ்யம். உள்ளடக்கம் போய்க் கடைசித் துண்டு போகாத நேரமென்றால் திறக்காத வீடியோ. பெண்டிரைவின் சொந்தப் பட்டியலையே திருத்திக்கொண்டிருந்த நேரமென்றால் பார்மேட் கேள்வி. மூன்று தினுசுக்கும் விடை கிடைத்துவிட்டது.

பெண்டிரைவ் விஷயத்தில் இப்போதைய விண்டோஸ் பெரும்பாலும் இப்படி மெமரியில் வாங்கி வைக்காமல் உடனே எழுதிவிடும். ஆகவே பலர் கிளிக் செய்யாமலே பிடுங்கி, ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ஆகாது, எந்த சாப்ட்வேரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்காத வரைக்கும். பாயின் கேமரா சாப்ட்வேர் அப்படியில்லை. ஜன்னலை மூடிய பிறகும் பின்னால் உட்கார்ந்து வேலை செய்தது.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்குப் பயன்படும். ஒவ்வொரு சிஸ்டமும் விடை கொடுக்கும் விதம் வேறு. மேக்கில் வட்டின் படத்தருகே ஒரு முக்கோணம் இருக்கும். அதை அழுத்தினால் படம் திரையிலிருந்து மறையும். மறைவதுதான் பதில். கேட்காமல் பிடுங்கினால், ஒழுங்காக எடுக்கவில்லை என்று பிடுங்கிய பிறகு புகார் சொல்லும். லினக்ஸில் காப்பிக் கோடு சட்டென்று நிரம்பிவிடும். எடுக்கக் கேட்டால்தான், இன்னும் எழுதுகிறேன், பிடுங்காதே என்று சொல்லும். அந்தக் காத்திருப்பு சில நேரம் காப்பி எடுத்த நேரத்தைவிட நீளம். பெண்டிரைவில் மின்னும் சின்ன விளக்கை நம்புகிறவர்கள் உண்டு. மின்னும்போது பிடுங்காதீர்கள், அது சரி. ஆனால் மின்னாவிட்டால் முடிந்தது என்று பொருளில்லை. சிலதில் எல்லாம் முடிந்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும், சிலதில் விளக்கே கிடையாது. அன்றிலிருந்து புது சிஸ்டம் எது கையில் கிடைத்தாலும், இது எப்படி விடை கொடுக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். மனிதர்களைப் போலவே அதில் குணம் தெரிகிறது.

எடுக்காதீங்க பாய்

இப்போது விபத்துப் பதிவு. அந்த சாப்ட்வேர் பதிவை வெளி வட்டுக்கு மட்டும்தான் கொடுக்கும், கணினிக்குள் சேமிக்க விடாது. ஆகவே பெண்டிரைவைத் தவிர வேறு வழியில்லை. எதையும் விட்டுவிடக் கூடாது என்று பாய் அரை நாள் பதிவையும் எடுத்திருக்கிறார், அதனால்தான் எழுதி முடிக்க அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. நான் விபத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் மட்டும் தேர்ந்தெடுக்கலாமா என்றேன். கார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, மோதிய பிறகு எங்கே நின்றது என்பதும் தெரிய வேண்டும், ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று சரவணன் கேட்டார். அவர் கால், அவர் பெயர். சரி என்றேன்.

பச்சைக் கோடு நிரம்பியது. ஜன்னல் மூடியது. மூலைக்குப் போய்ப் படத்தைக் கிளிக் செய்து, பெண்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். சாதனம் பயன்பாட்டில் உள்ளது, இப்போது எடுக்க முடியாது என்று வந்தது.

பாய் நெற்றியில் கை வைத்தார். "மாட்டேங்குது பாரு. இதுவும் ரோசாக்."

எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இந்த மறுப்பைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மூன்று பெண்டிரைவிலும் அவர் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருக்கும். அவர் கேட்கவே இல்லை.

மத்தியானக் கூட்டம் சேர ஆரம்பித்தது. பில் போடுவதும் அதே கணினியில்தான் என்பதால் வரிசை வாசல்வரை போனது. கணினியில் வேறு எதையும் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர், கல்லாவில் படம் பார்க்கிறார்களா என்று சத்தமாகக் கேட்டார். பாயின் கை மெதுவாகப் பெண்டிரைவ் பக்கம் போனது. நான் அதன்மேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

மறுபடி கேட்டேன். மறுபடியும் பயன்பாட்டில் உள்ளது. ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு டியூட்டி மாறும் என்று பாய் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளூர ஒரு பயம் வந்தது. சாப்ட்வேர் அப்படியே தொங்கிப்போயிருந்தால்? இது முடியாமலே போய்விட்டால், இன்று இன்னொரு முறை எடுக்க நேரம் இருக்காது.

சரவணன்தான் பேசினார். "எடுக்காதீங்க பாய். ரொட்டி ஒரு பக்கந்தான் வெந்திருக்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். படம் பார்க்கிறார்களா என்று கேட்டவரும் சிரித்தார். பாயின் தோள் இறங்கியது. அவர் கல்லாவை விட்டு எழுந்து வரிசையில் நின்றவர்களிடம் போய், சாப்பிட்டவர்கள் காசை அப்புறம் வந்து கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீடியோ எழுதும் சாப்ட்வேர்கள், படம் முழுவதும் எழுதிய பிறகு எந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைக் கடைசியில் சேர்க்கும். அது இல்லாவிட்டால் எந்தப் பிளேயருக்கும் உள்ளே நுழைய வழி தெரியாது. இது அந்தக் கடைசித் தையலைத்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான் பெண்டிரைவின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மின்னியது, நின்றது, மறுபடி மின்னியது. பிறகு நெடுநேரம் சும்மா இருந்தது. கிளிக் செய்தேன்.

மூலையிலிருந்து ஒரு பட்டை நகர்ந்து வந்தது. இந்தச் சாதனத்தை இப்போது செலாமாட்டாக எடுக்கலாம்.

"இதுதான் பாய்," என்றேன். "இப்ப நீங்களே எடுங்க."

அவர் பிஸ்மில்லா சொல்லி உருவினார். நான் உடனே கொண்டுபோகவிடவில்லை. என் லேப்டாப்பில் செருகினேன். எழுதிய கணினி சொல்வது ஒன்று. படிக்கப்போகும் கணினி ஒத்துக்கொள்ள வேண்டும், அது இன்னொன்று. வீடியோ திறந்தது. நடுவில் ஓட்டினேன், கடைசிக்கும் ஓட்டினேன். பிறகு அந்த நிமிடத்துக்கு வந்து லேப்டாப்பைச் சரவணன் பக்கம் திருப்பினேன்.

கறுப்பு வெள்ளையில் அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. ஒரு கால் தரையில். சிக்னல் விளக்கு மின்னியது. அவர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், ஒரு லாரி போவதற்காகக் காத்திருந்தார். கார் அந்த லாரியை முந்திக்கொண்டு, எதிர்ப் பக்கம் ஏறி இவர் மேல் வந்தது.

நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். சரவணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிக்னல் போட்டிருக்கேன்," என்றார். "ஆஸ்பத்திரியில படுத்து யோசிச்சு யோசிச்சு, போடலையோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு."

பாய் வேன் சாவியை எடுத்தார்.

விடை

சாயங்காலம் பாய் எனக்குப் போன் செய்தார். ஸ்டேஷனில் ஓடியதாம். சார்ஜன் இரண்டு முறை பார்த்தாராம், கார் நம்பரை எழுதிக்கொண்டாராம், ரிப்போர்ட்டோடு அதையும் சேர்த்துவிட்டாராம். சில மாதம் கழித்துச் சரவணன் மறுபடி ரொட்டிக் கல்லுக்கு வந்துவிட்டார். தப்பு அவர் பெயரில் எழுதப்படவில்லை.

அன்று கடைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது சேகர் அண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு இனிமேல் போனில் எப்படிச் சொல்வது என்று என்னையே கேட்டார். மலாயில் சொன்னால் அந்தச் சொல் மறுபடி குழப்பும். நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். நம் ஆட்கள் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்பார்கள். அது கேள்வி. வீட்டுக்காரர் 'சரி, போயிட்டு வாங்க' என்பார். அது பதில். பதில் வரும்வரை யாரும் படி இறங்க மாட்டார்கள். பெண்டிரைவும் அப்படித்தான் கிளம்ப வேண்டும். மூலையில் கிளிக் செய்வது நாம் வாரேன் என்று சொல்வது. இரு, வேலை இருக்கு என்று கணினி சொன்னால் இருக்க வேண்டும். போயிட்டு வா என்று சொன்னால் கிளம்ப வேண்டும். அண்ணன் அதை அப்படியே வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார், தான் கண்டுபிடித்தது மாதிரி. நான் விட்டுவிட்டேன்.

இன்று அந்தக் கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது நான்தான். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: வாடிக்கையாளர் சாமானைக் குறை சொன்னால் சாமானை மட்டும் சோதிக்காதீர்கள், அவர் அதை எப்படிக் கையாள்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். திரையில் தெரியும் ஒரு சொல்லை அவர் எந்த அர்த்தத்தில் படிக்கிறார் என்று கேளுங்கள். திரையில் இருக்கும் எல்லாச் சொல்லும் பதில் இல்லை. நாம் கேட்ட பிறகு வருவதுதான் பதில்.

ஹனிபா பாய் இப்போதும் வாரம் ஒரு முறை பிளாஸ்டிக் பையில் தே தாரிக் கட்டிக்கொண்டு வருவார். கிளம்பும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாரேன், தங்கச்சி," என்பார். நான் ஏதாவது லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கவனிக்காமல் இருந்தால் அப்படியே நிற்பார். ஏர்கோன் காற்றெல்லாம் வெளியே போகிறது என்று அண்ணன் உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.

"என்னை ஏன் ஏசுறீங்க? இன்னும் பதில் வரலையே லா."

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து, "சரி பாய், போயிட்டு வாங்க," என்பேன். அதற்கப்புறம்தான் கதவைச் சாத்துவார்.